மறைமாவட்டக் குருக்கள் கூடி வாழ்வது எதற்காக, எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான்: ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள பகுதியான மறைமாவட்டத்தில் பணியாற்றும் குருக்கள், துறவற சபையினரைப் போல ஏழ்மை வார்த்தைப்பாடு (இறைவனுக்குத் தரும் உறுதிமொழி) எடுப்பதில்லை, ஒரே இல்லத்தில் வாழ வேண்டிய கடமையும் அவர்களுக்கு இல்லை. அப்படியிருக்க, அவர்கள் சகோதரக் குழுமமாக வாழ வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபை ஏன் வலியுறுத்துகிறது? சட்டம் அவர்களை எதுவரை கட்டுப்படுத்துகிறது? ஆளுக்கொரு பங்கில், அதாவது ஒரு கோவிலைச் சார்ந்த மக்கள் சமூகத்தில், தனித்திருப்பவர்களுக்கு அது நடைமுறையில் கைகூடுமா?

இந்தக் கேள்விக்குப் பொதுவாக இரண்டு பதில்கள் சொல்லப்படுகின்றன. குழும வாழ்வு துறவியருக்கே உரியது, மறைமாவட்டக் குரு அதில் முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும் என்பது ஒன்று. தனிமையால் வரும் சோர்வுக்கும் தடுமாற்றத்துக்கும் அது மருந்து என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை இருந்தாலும், இரண்டுமே விஷயத்தின் வேரைத் தொடவில்லை என்பது என் கருத்து. மறைமாவட்டக் குருக்களின் சகோதரத்துவம், அவர்களைக் குருவாக்கும் சடங்கான திருநிலைப்பாட்டிலிருந்தே பிறக்கிறது. அது வாழ்கிறதா என்பதோ சாப்பாட்டு மேசை, பணம், உடன் இல்லாதவரைப் பற்றிய பேச்சு ஆகிய மிகச் சாதாரணமான இடங்களில்தான் தெரியவரும்.

முதலில் வேரைப் பார்ப்போம். குருத்துவத் திருநிலைப்பாட்டுச் சடங்கில், ஆயர் மௌனமாகத் தலைமேல் கைகளை வைத்ததும், அங்கே கூடியிருக்கும் குருக்கள் அனைவரும் ஒருவர்பின் ஒருவராக வந்து அதே போலக் கைகளை வைக்கிறார்கள். அதன்பின் ஆயர் திருநிலைப்பாட்டு மன்றாட்டைச் சொல்கிறார். சடங்கின் முடிவில் புதிய குருவை அனைவரும் தழுவிச் சமாதானம் கூறுகிறார்கள். திருநிலைப்படுத்துபவர் ஆயர் மட்டுமே. ஆயினும் மற்றக் குருக்கள் கைகளை வைப்பது வெறும் வாழ்த்து அன்று. புதியவரைத் தங்கள் குழாமுக்குள் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதே அதன் பொருள். ஆகவே ஒருவர் முதலில் தனி ஆளாகக் குருவாகி, பிறகு விருப்பப்பட்டால் மற்றக் குருக்களோடு சேர்ந்துகொள்கிறார் என்று எண்ணுவது தவறு. ஆயரைச் சுற்றி அமைந்த குருக்கள் குழாமான குருகுலத்தின் உறுப்பினராகவே அவர் குருவாகிறார். உலக ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7 அன்று வெளியிட்ட குருக்களின் பணியும் வாழ்வும் பற்றிய விதித்தொகுப்பு, தன் 8ஆம் பிரிவில், திருநிலைப்பாட்டால் விளையும் இந்தப் பிணைப்பை அருள்சாதனச் சகோதரத்துவம் என்றே குறிப்பிடுகிறது. ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்னும் மூன்று வார்த்தைப்பாடுகளால் துறவியர் ஒரு சபைக்குள் இணைகிறார்கள். மறைமாவட்டக் குருவோ தம் ஆயருக்குக் கீழ்ப்படிவதாக வாக்களித்து, மணத்துறவை ஏற்று, ஒரு மறைமாவட்டத்தில் இணைக்கப்படுகிறார். இணையும் வழி வேறு என்பதற்காக இணைப்பே இல்லை என்று ஆகிவிடாது.

அதே 8ஆம் பிரிவு, குருக்கள் ஆன்மிகத்திலும் அறிவிலும் ஒருவரையொருவர் வளர்க்கவும், பணியில் ஒத்துழைக்கவும், தனிமையால் எழக்கூடிய ஆபத்துகளிலிருந்து காக்கப்படவும் ஏதேனும் ஒரு வகைக் கூட்டு வாழ்வு அவர்களிடையே வளர்க்கப்பட வேண்டும் என்கிறது. அதற்கு அது காட்டும் படிகள் மூன்று: இயலும் இடத்தில் ஒரே இல்லத்தில் வாழ்வது, அது இயலாவிடில் ஒரே மேசையில் உண்பது, அதுவும் இயலாவிடில் அடிக்கடி, குறித்த கால இடைவெளியில் கூடுவது. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். ஒரே கூரை இல்லாதவர்களுக்குச் சகோதரத்துவம் இல்லை என்று சங்கம் கருதவில்லை. அதே நேரத்தில், ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு அது இடமும் தரவில்லை.

சட்டத்தின் நிலையும் இதுவே. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 275ஆம் எண், திருப்பணியாளர்கள் அனைவரும் ஒரே பணிக்காக உழைப்பதால் சகோதரத்துவத்தாலும் செபத்தாலும் ஒன்றுபட்டிருக்க வேண்டும் என்கிறது, இது கடமை. 280ஆம் எண் ஏதேனும் ஒரு வகைக் கூட்டு வாழ்வை மிகவும் பரிந்துரைக்கிறது; ஏற்கெனவே அது நடைமுறையில் உள்ள இடத்தில் இயன்றவரை காக்கப்பட வேண்டும் என்கிறது; இது பரிந்துரை. பங்குத்தந்தை கோவிலுக்கு அருகிலுள்ள பங்கு இல்லத்தில் வாழ வேண்டும் என்று 533ஆம் எண் விதித்தாலும், பணிக்குக் குறை வராதபடி பார்த்துக்கொண்டு, அவர் வேறிடத்தில், குறிப்பாகப் பல குருக்கள் சேர்ந்து வாழும் இல்லத்தில், தங்குவதற்கு ஆயர் அனுமதி தரலாம் என்றும் அதே எண் கூறுகிறது. பங்குத்தந்தையும் உதவிப் பங்குத்தந்தையரும் இயன்ற இடங்களில் பங்கு இல்லத்தில் ஒரு வகைக் கூட்டு வாழ்வை வளர்த்துக்கொள்ளும்படி பார்த்துக்கொள்ளும் பொறுப்பை 550ஆம் எண் ஆயரிடம் தருகிறது. 517ஆம் எண் இன்னும் ஒரு படி மேலே சென்று, ஒரு பங்கையோ பல பங்குகளையோ ஒருவர் வழிநடத்த, பல குருக்கள் கூட்டாகப் பொறுப்பேற்று நடத்தவும் வழி செய்கிறது. குருக்கள் தங்களுக்குள் சங்கங்கள் அமைத்துக்கொள்ளும் உரிமையை 278ஆம் எண் உறுதிசெய்கிறது. சுருங்கச் சொன்னால், ஒன்றிப்பு கட்டாயம். அதன் வடிவம் மட்டுமே அவரவர் சூழ்நிலைக்கு விடப்பட்டிருக்கிறது. 280ஆம் எண்ணை மட்டும் எடுத்துக் காட்டி, வெறும் பரிந்துரைதானே என்று கைகழுவுபவர்கள் 275ஆம் எண்ணைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள்.

வரலாற்றில் இந்த முயற்சி புதியது அன்று. நான்காம் நூற்றாண்டில் வெர்செல்லி ஆயர் புனித எவுசேபியு தம் குருக்களோடு துறவியரைப் போல ஒரே இல்லத்தில் வாழ்ந்தார். ஆனால் நமக்கு விரிவான சான்றுகளை விட்டுச் சென்றவர் ஹிப்போ நகரின் ஆயர் புனித அகுஸ்தினார்தான். ஆயரானதும் அவர் ஆயர் இல்லத்தையே திருப்பணியாளர்கள் கூடி வாழும் மடமாக மாற்றினார். எவருக்கும் தனிச்சொத்து இருக்கக் கூடாது, எல்லாம் பொது என்பது நிபந்தனை. அவரோடு வாழ்ந்து, பின்னர் ஆயரான போசிடியு அந்த இல்லத்தின் சாப்பாட்டு மேசையை விவரித்திருக்கிறார்: கரண்டிகள் மட்டும் வெள்ளி, மற்றப் பாத்திரங்கள் மண், மரம், சலவைக்கல், நோயாளிகளுக்காகவும் விருந்தினருக்காகவும் சில வேளைகளில் இறைச்சி, உண்ணும்போது வாசிப்போ பொருளுள்ள உரையாடலோ. உடனில்லாதவரின் வாழ்வைத் தன் சொல்லால் கடித்துக் குதறுபவருக்கு இந்த மேசையில் இடமில்லை என்னும் கருத்துடைய இரு வரிகள் அங்கே பொறிக்கப்பட்டிருந்தன. ஒருமுறை அகுஸ்தினாருக்கு நெருக்கமான சக ஆயர்களே அதை மறந்து புறம்பேசத் தொடங்கியபோது, ஒன்று அந்த வரிகளை அழிக்க வேண்டும், இல்லையேல் தாம் உணவின் நடுவிலேயே எழுந்து தம் அறைக்குப் போய்விடுவதாகக் கடுமையாகச் சொன்னார். குருக்களின் கூட்டு வாழ்வு எங்கே முறியும் என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார்.

அந்த இல்லத்தின் தோல்வி ஒன்றும் பதிவாகியிருக்கிறது. எனக்கு வெற்றிகளைவிட அதுவே முக்கியமாகப் படுகிறது. சனுவாரியு என்னும் குரு, தமக்கென்று எதுவும் இல்லை என்று காட்டிக்கொண்டு இல்லத்தில் வாழ்ந்துவந்தார். ஆனால் தம் மகளுக்குரியது என்று சொல்லி ஒரு தொகையைத் தம் பொறுப்பில் வைத்திருந்தார். இறக்கும் தறுவாயில் உயில் எழுதி, தம் பிள்ளைகளை விலக்கிவிட்டு, அதைத் திருச்சபைக்கு விட்டுச் சென்றார். அகுஸ்தினார் அந்தச் சொத்தை ஏற்க மறுத்துவிட்டார். இந்த விவகாரத்தை மூடி மறைக்காமல், 425ஆம் ஆண்டின் இறுதியில் மக்கள் முன்னிலையிலேயே மறையுரையில் எடுத்துச் சொன்னார். சொத்தை வைத்துக்கொள்ள விரும்பும் திருப்பணியாளர் வெளியே தங்கிப் பணியாற்றலாம், அதற்காக அவருடைய பதவியைப் பறிக்கப் போவதில்லை, வெளிவேடக்காரரைத் தம்மிடம் வைத்திருக்கத் தமக்கு விருப்பமில்லை என்றார். சில வாரங்கள் கழித்து, அடுத்த மறையுரையில், ஒவ்வொருவரின் சொத்து நிலையையும் விசாரித்து மக்களுக்குக் கணக்கு ஒப்புவித்தார். எல்லாரும் கூட்டு வாழ்வையே தேர்ந்துகொண்டதாக அறிவித்தார். இதில் இரண்டு பாடங்கள் உண்டு. கட்டாயத்தால் வரும் குழுமம் பொய்யை வளர்க்கும்; பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசாத குழுமம் நிலைக்காது.

பின்வந்த முயற்சிகளை விரைவாகச் சொல்லிவிடலாம். எட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மெட்ஸ் ஆயர் கிரோடெகாங்கு தம் பேராலயக் குருக்களுக்கு எழுதிய ஒழுங்கு, ஒரே உணவறையையும் ஒரே உறங்கும் கூடத்தையும் விதித்தாலும் தனிச்சொத்தை அனுமதித்தது. 816ஆம் ஆண்டின் ஆகன் சங்கமும் அவ்வழியே சென்றது. 1059ஆம் ஆண்டு இலாத்தரனில் கூடிய சங்கம் இதைப் போதாதென்று கருதி, கோவில் வருமானத்தையும் பொதுவில் வைக்கச் சொன்னது. அதிலிருந்து வளர்ந்தவர்கள் காலப்போக்கில் வார்த்தைப்பாடுள்ள துறவற சபைகளாகிவிட்டனர். மறைமாவட்டக் குருக்களிடையே தொடங்கிய ஓர் எழுச்சி அவர்களை விட்டுப் பிரிந்து சபையாக மாறிவிடுவது வரலாற்றில் மீண்டும் மீண்டும் நிகழ்ந்திருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் புனித பிலிப்பு நேரி உரோமையில் வார்த்தைப்பாடு இல்லாத குருக்களை அன்பின் பிணைப்பால் மட்டுமே கூட்டி வாழச் செய்தார். 1575இல் அது தனிச் சபையாக ஏற்பு பெற்றது. புனித வின்சென்ட் தே பவுல் வேறு வழியில் போனார். 1633 முதல் பாரிசு நகரில் செவ்வாய்க்கிழமைதோறும் மறைமாவட்டக் குருக்களை அழைத்து உரையாடச் செய்தார். அவர்கள் தங்கள் இடத்தையோ ஆயரையோ விட்டு வரவில்லை; வாரத்தில் ஒரு நாள் மட்டும் கூடினார்கள். 1640இல் செர்மானிய நாட்டில் பர்த்தலோமேயு ஓல்சௌசர் தொடங்கிய அமைப்பில், மறைமாவட்டக் குருக்கள் இருவர் மூவராக ஒரே இல்லத்தில் தங்கி, வருமானத்தைப் பொதுவில் வைத்து, ஆயருக்குக் கீழேயே பங்குப்பணி செய்தனர். இன்றைய கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும் முன்மாதிரிகள் இந்தக் கடைசி இரண்டும்தான்.

இனி நடைமுறைக்கு வருவோம். ஒரு பங்குத்தந்தையும் ஓர் உதவிப் பங்குத்தந்தையும் ஒரே இல்லத்தில் இருந்துவிட்டால் அது குழுமம் ஆகிவிடாது. காலைத் திருப்பலி ஒருவருக்கு, மாலைத் திருப்பலி மற்றவருக்கு. ஒருவர் உண்ணும் நேரத்தில் மற்றவர் நோயாளியைச் சந்திக்கச் சென்றிருப்பார். ஒருவர் முடிவெடுத்த செய்தியை மற்றவர் கோவில் அறிவிப்பில் கேட்டுத் தெரிந்துகொள்வார். இரு தனியர்கள் ஒரு கூரையின்கீழ் வாழ்கிறார்கள், அவ்வளவே. சில வேளைகளில் இது தனியாக இருப்பதைவிடக் கடினமானது. ஏனெனில் தனியாக இருப்பவருக்குத் தாம் தனியாக இருப்பதாவது தெரியும்.

இதை மாற்றுவதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவைப்படுவதில்லை. நாளில் ஒரு வேளை உணவை இருவரும் சேர்ந்து உண்பதென்று முடிவுசெய்து, மற்ற வேலைகளை அதற்கேற்ப நகர்த்தலாம். குருக்கள் நாள்தோறும் சொல்லும் திருப்புகழ்மாலையின் காலைச் செபத்தையோ மாலைச் செபத்தையோ சேர்ந்து சொல்லலாம். எப்படியும் இருவரும் சொல்லியாக வேண்டிய செபம்தான் அது. வாரத்தில் ஒரு மணி நேரம் அடுத்த வாரப் பணிகளைப் பிரித்துக்கொள்ள அமரலாம். பணத்தில், இல்லத்துச் செலவுக்கு யார் எவ்வளவு தருவது, காணிக்கைகள் எப்படிக் கணக்கில் வருவது, வண்டி யாருக்கு எப்போது என்பவற்றை உதவிப் பங்குத்தந்தை வந்த முதல் வாரத்திலேயே வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. மறைமாவட்டக் குருவுக்குச் சொத்து வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. 282ஆம் சட்ட எண் அவரிடம் எளிமையைக் கேட்கிறதே தவிர, உடைமை துறப்பைக் கேட்கவில்லை. ஆனால் ஒருவர் குடும்பப் பின்புலத்தால் வசதியாகவும் மற்றவர் மாதப் படியை மட்டுமே நம்பியும் ஒரே மேசையில் அமரும்போது, பேசப்படாத அந்த வேறுபாடு மெல்லக் கசப்பாகிவிடும்.

வயது இடைவெளியும் இப்படித்தான். மேலே சொன்ன 8ஆம் பிரிவு, மூத்த குருக்கள் இளையோரை உண்மையான சகோதரர்களாக ஏற்று அவர்களுடைய முதல் முயற்சிகளில் துணைநிற்க வேண்டும் என்றும், தங்கள் எண்ணங்களிலிருந்து வேறுபட்டாலும் அவர்களைப் புரிந்துகொள்ள முயல வேண்டும் என்றும், இளையோர் மூத்தோரின் வயதையும் அனுபவத்தையும் மதிக்க வேண்டும் என்றும் இரு பக்கமும் பேசுகிறது. நடைமுறையில் பெரும்பாலும் இரண்டாம் பாதி மட்டும்தான் நினைவூட்டப்படுகிறது. பெரிய குருமடத்தில் பல ஆண்டுகள் ஒத்த வயதினரோடு செபித்து, உண்டு, விளையாடி வாழ்ந்த ஓர் இளைஞர், திருநிலைப்பாடு முடிந்த சில வாரங்களில் முப்பது வயது மூத்த ஒருவரின் இல்லத்தில் ஓர் அறைக்குள் நுழைகிறார். அந்த இல்லத்தில் அவருக்குச் சாவி உண்டா, சமையலறையில் உரிமையோடு நுழைய முடியுமா, தம் விருந்தினரை அமரவைத்துப் பேச ஓர் இடம் உண்டா என்பவை அற்பமானவையாகத் தோன்றலாம். அவர் அங்கே சகோதரரா, வாடகைக்கு இருப்பவரா என்பதை அவை தீர்மானித்துவிடுகின்றன.

தனித்தனிப் பங்குகளில் வாழ்பவர்களுக்குச் சிறு குழுக்களே பொருத்தமான வழி. புனித சார்லஸ் தெ ஃபூக்கோவின் ஆன்மிகத்தைப் பின்பற்றும் இயேசு கரித்தாசு குருக்கள் சகோதரத்துவத்தின் மாதக் கூட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சில குருக்கள் ஒருவரின் இல்லத்தில் கூடுகிறார்கள். நற்கருணை ஆராதனையில் அமைதியாக நேரம் செலவிடுகிறார்கள், நற்செய்தியைப் பகிர்கிறார்கள், சேர்ந்து உண்கிறார்கள். பிறகு வாழ்க்கை மீளாய்வு நடக்கிறது. ஒருவர், கடந்த மாதத்தில் தம்மை அசைத்த ஒரு நிகழ்வைச் சொல்கிறார். அது ஒரு கல்லறைச் சடங்காக இருக்கலாம், பங்குப் பேரவையில் எழுந்த வாக்குவாதமாக இருக்கலாம், செபிக்க முடியாமல் போன நாள்களாகவும் இருக்கலாம். மற்றவர்கள் தீர்வு சொல்ல முந்துவதில்லை. அந்த நிகழ்வில் இறைவன் என்ன கேட்கிறார் என்று உடனிருந்து தேடுகிறார்கள். அங்கே பேசியது வெளியே போவதில்லை. அறிவுரை கூறியே பழகிவிட்ட குருக்களுக்கு, அறிவுரை கூறாமல் இன்னொருவரைக் கேட்பது எளிதன்று. 1860இல் லியோன் நகரில் அருளாளர் அந்துவான் செவ்ரியே தொடங்கிய பிராதோ அமைப்பும், நற்செய்தி வாசிப்பையும் ஏழைகளுக்கான பணியையும் மையமாக்கி, மறைமாவட்டக் குருக்களை அவர்களுடைய மறைமாவட்டத்திலேயே இருத்திக்கொண்டு இணைக்கிறது. 2016 டிசம்பர் 8 அன்று வெளிவந்த குருத்துவ உருவாக்கத்துக்கான பொது ஒழுங்கு, சகோதர சந்திப்பு, ஆன்ம வழிகாட்டுதலும் ஒப்புரவும், தியானம், பொது உணவு, கூட்டு வாழ்வு, குருக்கள் சங்கங்கள் ஆகியவற்றை இவ்வகைச் சகோதரத்துவத்தின் வழிகளாகக் குறிப்பிடுகிறது.

அருகருகே உள்ள பல பங்குகள் சேர்ந்த மறைவட்டத்தின் கூட்டத்தையும் இதையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. மறைவட்டக் கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரல் உண்டு, சுற்றறிக்கைகள் உண்டு, கணக்கு உண்டு. அவை வேண்டியவைதான், ஆனால் அங்கே யாரும் தம் மனத்தைத் திறப்பதில்லை.

சகோதரத்துவத்தின் பெயரால் நடக்கும் தவறுகளையும் சொல்லியாக வேண்டும். ஒரே ஆண்டில் திருநிலைப்பாடு பெற்றவர்கள், ஒரே ஊரார், ஒரே மனப்போக்கினர் மட்டும் சேர்ந்துகொள்வது நட்பு, அதில் குற்றமில்லை. ஆனால் அந்த நட்பு மறைமாவட்டத்துக்குள் ஓர் அணியாகி, பணிமாற்றங்களையும் பதவிகளையும் குறித்துக் காய் நகர்த்தத் தொடங்கும்போது, அது குருகுல ஒன்றிப்புக்கு நேர் எதிரானது. இதைவிடக் கொடியது, ஒரு குரு பிறருக்கு, குறிப்பாகச் சிறாருக்கு, இழைத்த தீங்கை மறைப்பது. தவறியவர்களிடமும் சகோதர அன்போடு நடந்துகொள்ள இரண்டாம் வத்திக்கான் சங்கம் கேட்பது உண்மை. அதன் பொருள் அவர்களுக்காகச் செபிப்பதும் அவர்களைக் கைவிடாதிருப்பதும்தானே தவிர, பாதிக்கப்பட்டவரின் வாயை அடைப்பது அன்று. திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மே மாதம் வெளியிட்ட சட்டம், இத்தகைய தீங்கைப் பற்றி அறியவரும் திருப்பணியாளரும் துறவியரும் அதைத் தலைமைக்கு உடனே தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று விதித்தது. 2023இல் அது நிலையான சட்டமாக்கப்பட்டது. மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரம் சகோதரரைத் தனியே கண்டித்துத் திருத்தச் சொல்கிறது. அவர் கேளாவிடில் திருச்சபையிடம் சொல்லவும் அதே பகுதிதான் கட்டளையிடுகிறது. ஒன்றாக வாழும் குருக்கள் ஒருவர் குடிக்குள் மூழ்குவதையோ, ஒருவர் மாதக்கணக்கில் செபத்தை விட்டுவிட்டதையோ முதலில் காண்பவர்கள். அந்தக் கட்டத்திலேயே ஒருவர் துணிந்து பேசினால் பல பெருந்துயரங்களைத் தவிர்க்கலாம். அப்படிப் பேசும் உரிமை, சேர்ந்து உண்டு செபித்தவருக்கே எளிதில் கிடைக்கும்.

இதில் ஆயரின் பங்கு பெரும்பாலோர் எண்ணுவதைவிடக் கூடுதலானது. குருக்களை உடன்பிறப்புகளாய் வாழுங்கள் என்று ஆண்டுத் தியானத்தில் கேட்டுக்கொள்வது எளிது; பணிமாற்றப் பட்டியல் தயாரிக்கும்போது யார் யாரோடு வாழ முடியும் என்று சிந்திப்பது கடினம். அருகருகே உள்ள மூன்று சிறு பங்குகளுக்கு மூன்று தனி இல்லங்களைப் பேணுவதைவிட, மூவரையும் ஓர் இல்லத்தில் தங்கவைத்து, பணிக்கு அங்கிருந்து அனுப்புவது பல இடங்களில் இயலக்கூடியதே. அப்போது தங்கள் பங்கில் குரு இரவில் இருப்பதில்லை என்று மக்கள் குறைபட்டுக்கொள்வார்கள். அந்தக் குறை நியாயமானது. ஆகவே ஒவ்வொரு பங்கிலும் குரு எந்த நாளில், எந்த நேரத்தில் இருப்பார், அவசர வேளையில் யாரை அழைக்கலாம் என்பதை எழுதி அறிவித்து, அறிவித்தபடி நடந்துகொள்ள வேண்டும். மக்களிடமிருந்து விலகி வாழ்வதற்கு இது சாக்காகிவிடக் கூடாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2022 பிப்ரவரி 17 அன்று ஆற்றிய உரையில் குருவின் நான்கு நெருக்கங்களாக இறைவன், ஆயர், சக குருக்கள், மக்கள் ஆகியோரோடு உள்ள நெருக்கங்களைக் குறிப்பிட்டார். ஒன்றை வளர்க்க மற்றொன்றைப் பலியிட வேண்டியதில்லை. சக குருக்களோடு மனம் திறந்து வாழும் இடமில்லாதவர், தம் உணர்வுகளின் தேவைகளை எல்லாம் பங்கு மக்களிடமே நிறைவேற்றிக்கொள்ள முனைவதும், அதனால் சிலரோடு மட்டும் அளவுமீறி ஒட்டிக்கொள்வதும் நாம் காணாதவை அல்ல.

குருக்களின் நோயிலும் இறப்பிலும் மறைவட்ட அதிபருக்குச் சட்டமே பொறுப்பு தந்திருக்கிறது. தம் மறைவட்டத்தில் கடும் நோயுற்ற குருக்களுக்கு ஆன்மிக உதவியும் பொருளுதவியும் குறையாமலும், இறந்தவர்களின் அடக்கச் சடங்கு தகுதியோடு நடைபெறவும் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 555ஆம் எண் கூறுகிறது. நடைமுறையில் அடக்கச் சடங்குக்கு எல்லாரும் வந்துவிடுகிறார்கள். மருத்துவமனைக்குத்தான் ஆள் குறைகிறது. ஓய்வுபெற்ற குருக்களை நகருக்கு வெளியே ஒரு தனி இல்லத்தில் சேர்த்துவிடுவதைவிட, இயன்றவரை, பணியிலிருக்கும் குருக்கள் வாழும் இல்லத்திலேயே அவர்களுக்கும் அறை ஒதுக்குவதை நான் ஆதரிப்பேன். மருத்துவக் கவனிப்பு இடைவிடாது தேவைப்படும் நிலையில் அது இயலாது. அப்போது பக்கத்துப் பங்குகளின் குருக்கள் முறைவைத்துச் சென்று, அவரோடு கூட்டுத்திருப்பலி நிறைவேற்றலாம்.

இவற்றில் எதிலிருந்து தொடங்குவது என்று ஒரு குரு கேட்டால், புதிய இல்லம் கட்டும்வரை காத்திருக்க வேண்டாம் என்பேன். அருகிலுள்ள மூவரையோ நால்வரையோ, தமக்குப் பிடித்தவர்களாக மட்டும் பொறுக்காமல், அழைத்து, மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளலாம். அந்த நாளுக்கு வேறு எந்தப் பணியையும் ஒப்புக்கொள்ளக் கூடாது. திருமணத் திருப்பலிகூட வேறொருவர் நிறைவேற்றக்கூடியதே. ஒருவர் இருமுறை தொடர்ந்து வராவிட்டால், மற்றவர்களில் ஒருவர் அன்று மாலையே அவருடைய இல்லத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.